அண்ணன் மீன்

ஜனவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே உன் முழங்கால் எப்படி என்று எழுது. மாடிப்படி வீட்டை விடு என்றால் கேட்கமாட்டாய்.

நீ போனில் சொன்னது பாதிதான் விளங்கியது. போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. காகிதத்தில் இருந்தால் நாளைக்கு நீயும் இல்லை என்று சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. உங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வரிமீன் வேண்டும், அதுவும் அண்ணன் மீன்தான் வேண்டும் என்று கேட்டாய். என்னிடம் வளர்ப்பு மீன் வாங்கும் கடைக்காரர்கள் கேட்பார்கள், நீ கேட்பாய் என்று நான் நினைத்ததே இல்லை. உன் அண்ணி சிரிக்கிறாள். "எந்த மருந்தை ஊத்தினா மீன் சாகும்னு பாக்குறதுக்கு உங்க தங்கச்சிக்கு மாசாமாசம் சம்பளம். இங்க ஆலைக்காரன் சும்மாவே பாத்துட்டான்" என்கிறாள்.

அது உண்மைதானே. ஆற்றுக்கு மேலே அந்த நூலாலை வந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். நூலைக் கழுவும் மருந்துத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் வந்தது. மறுநாள் என் தொட்டிகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாய் வயிறு காட்டிக்கொண்டு கிடந்தன. மூலைத் தொட்டியில் ஒரு கைப்பிடி மட்டும் பிழைத்தது. அந்தக் கைப்பிடியிலிருந்து வளர்த்த வம்சம்தான் இன்று இருப்பதெல்லாம். இப்போது நுரை வந்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு திரிகின்றன. பெட்டைதான் அதிகம், ஆண் குறைவு. வயிறு உருண்ட மீன் என்றால் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். என் கைராசி அது.

அதற்காக ஆலையை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. செத்தது உங்களால்தான் என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை மனு போட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஊரில் எனக்கு மனுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயம். பக்கத்துத் தோட்டக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார். குழாய் இழுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாய்க்காலை அடைத்துவிட்டு அந்தத் தண்ணீருக்கு மாறலாமா? நீ படித்தவள், சொல்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

பாப்பாவின் வணக்கம். நான் சுகம். முழங்காலும் சொன்னபடி கேட்கிறது. நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். அண்ணிக்குக் கண்ணில் நீர் வடிந்ததே, நின்றதா?

பஸ்ஸில் வந்த பார்சலைத் திறந்தபோது எல்லாரும் கூடிவிட்டார்கள். அவ்வளவு தூரம் வந்தும் ஒரு மீன்கூடச் சாகவில்லை. பிரித்து விட்டதும் என்னமாய் நீந்தின! அண்ணன் மீன் என்றால் அண்ணன் மீன்தான். அருமை.

இனி மாதம் ஒரு முறை அனுப்பினால் நல்லது. எல்லாம் ஒரே வயதுக் குஞ்சுகளாக இருக்கட்டும்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம் அண்ணா. பழகிய தண்ணீரை மாற்றினால் மீன் மிரளும். இந்த வருஷம் வாய்க்கால் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

அண்ணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பாசமுள்ள,
பாப்பா


மார்ச் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது. அண்ணியின் கண் தேவலை.

நீ சொன்னபடி தோட்டக்காரரிடம் குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "சும்மா குடுக்குற தண்ணிய வேணாங்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். "என் தங்கச்சி சொல்லிட்டா. அவ தண்ணியைப் பத்திப் படிச்சவ" என்றேன்.

குஞ்சுகள் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. பையைத் திறந்ததும் தொட்டியில் கொட்டிவிடாதே. பையோடு மிதக்கவிட்டு, சூடு சமமானதும் விடு. உனக்குத் தெரியாததா? இருந்தாலும் சொல்கிறேன். என் மீன் அங்கே என்ன செய்கிறது என்று நீ எழுதவே இல்லையே. எந்த மருந்துக்குச் சோதனை?

ஆலை இரண்டாவது குழாய் போடப் போகிறதாம். நூல் வேலை இரட்டிப்பாம், கழிவுத் தண்ணீரும் இரட்டிப்பு. ஜூன் மாதம் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். நான் விடப்போவதில்லை. முழுக் காகிதம் மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டேன். அந்தக் கழுவும் மருந்து ஆற்றில் கலந்த பிறகு என்ன ஆகிறது? நுரை நின்றுவிடுகிறது, அது எங்கே போகிறது? நூலகத்தில் தேடிப் படித்தேன். பாதி புரிந்தது, பாதி புரிந்த மாதிரி இருந்தது. நீ இரண்டு வரி எழுதிக் கொடு. என் தங்கை சொன்னாள் என்று போடமாட்டேன், பயப்படாதே.

இப்படிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம். நான் சுகம்தான். உங்கள் இருவரின் உடம்பும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வெயில் தாங்கவில்லை. சுவரைத் தொட்டால் சுடுகிறது. அண்ணியின் மூட்டுக்கு நான் சொன்ன எண்ணெய் கிடைத்ததா? கிடைக்காவிட்டால் வாங்கி அனுப்புகிறேன். உங்கள் கண்ணாடியை மாற்றியாயிற்றா? போன கடிதத்தில் வரிகள் மேலும் கீழுமாகப் போகின்றன.

மீன்கள் வந்தன. எல்லாம் உயிரோடு. இங்கே வேலை செய்பவர்களுக்கும் அவற்றைப் பிடித்துப்போய்விட்டது. மற்ற மீன்களோடு கலந்துவிடக் கூடாது என்று தொட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். "அண்ணன் மீன்" என்று.

நீங்கள் கேட்ட மருந்து ஆற்றில் சேர்ந்ததும் கிருமிகள் அதை உடைத்துவிடும். சில நாளில் நுரையும் போய்விடும். முதலில் இருந்த மருந்து பிறகு தண்ணீரில் இருக்காது.

இந்த வயதில் வெயிலில் கூட்டத்துக்கெல்லாம் போக வேண்டுமா அண்ணா? மனுவைத் தபாலில் அனுப்பினால் போதாதா?

பாசமுள்ள,
பாப்பா


மே 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே சுகம். அங்கே எப்படி என்று எழுது. எண்ணெய் கிடைத்தது. கண்ணாடியும் மாற்றியாயிற்று, இப்போது வரி நேராகப் போகிறதா பார்.

உன் பதிலை மூன்று முறை படித்தேன். மருந்து உடைந்துபோகும் என்று எழுதியிருக்கிறாய். சரி, உடைந்து என்ன ஆகும்? கண்ணாடித் தம்ளர் உடைந்தால் தம்ளர் இல்லாமல் போய்விடும், வாஸ்தவம்தான். ஆனால் சில்லு இருக்குமே, அது காலில்தானே குத்தும்? உடையாத தம்ளர் யாரையும் குத்தினதில்லை. அண்ணியிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்குப் பதில் சொல்ல முடியாமத்தான் அவ அவ்வளவு தூரத்துல வேலை தேடிக்கிட்டா" என்கிறாள்.

வாய்க்காலில் முன்பு அள்ள அள்ளக் கிடைத்த நத்தை இப்போது ஒன்றுகூட இல்லை. தவளை கத்திக் கேட்டு எத்தனையோ வருஷம். தண்ணீரில் மருந்து இல்லை என்றால் அவையெல்லாம் எங்கே போயின? அடிச்சேற்றைக் கையில் எடுத்தால் வழவழ என்று ஒட்டுகிறது. சேற்றில் என்ன இருக்கிறது? இதற்கு மட்டும் பதில் எழுது.

கூட்டத்துக்கு நான் போவேன். வேண்டாம் என்று சொல்லாதே.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூன் 14

தங்கைக்கு,

சேற்றைப் பற்றி நீ பதில் எழுதவில்லை. இனி எழுத வேண்டியதும் இல்லை.

கூட்டம் நடந்தது. மேடையில் அதிகாரி, பக்கத்தில் ஆலை மேலாளர். அந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் மனுவைப் படித்தேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பெரியவரே, மீன் சாகுது மீன் சாகுதுன்னு எத்தனை வருஷமா மனு போடுறீங்க. இது பரிசோதனைக்கூடத்து அறிக்கை. எங்க மருந்துத் தண்ணியில நாலு நாள் மீனை விட்டுப் பாத்திருக்காங்க. ஒண்ணுகூடச் சாகல" என்றார்.

"அது என்ன மீனு, கல்லுல செஞ்சதா?" என்று கேட்டேன். சபை சிரித்தது. எனக்குத் தெம்பு வந்தது.

"வரிமீன். ஆரோக்கியமான வரிமீன்னு போட்டிருக்கு. படம்கூட இருக்கு, பாருங்க" என்று புத்தகத்தை என் கையிலேயே கொடுத்தார்.

பார்த்தேன். தொட்டியின் படம். அதில் ஒட்டிய சீட்டு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சிலேட்டில் நீ எழுதிய முதல் எழுத்திலிருந்து தெரியும். "அண்ணன் மீன்."

புத்தகத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். "என்னாச்சு மனுக்காரரே?" என்று தோட்டக்காரர் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. "இது என் மீனு" என்றேன்.

அவ்வளவுதான். சபை முழுக்கச் சிரிப்பு. முதலில் சிரித்ததைப் போல இல்லை. "அப்புறம் என்ன பெரியவரே? நீங்க சொல்லாட்டியும் உங்க மீனே சொல்லிடுச்சே, நான் நல்லா இருக்கேன்னு!" என்றார் டைக்காரர். அதிகாரியும் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். ஆட்சேபம் இருந்தால் செப்டம்பர் முடிவதற்குள் எழுத்தில் கொடுக்கலாமாம். இல்லாவிட்டால் குழாய்க்கு அனுமதி.

வீட்டுக்கு வந்து தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தேன். வாய்க்கால் தண்ணீரை மாற்றாதே என்று ஏன் சொன்னாய் என்பது அப்போதுதான் புரிந்தது. மீன் மிரளும் என்றா சொன்னாய்? இந்தத் தண்ணீரில் ஊறிய மீன்தான் உனக்கு வேண்டும்.

இனி பார்சல் வராது.

அண்ணன்


ஜூலை 30

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்கு உன் அண்ணனைப் போலக் கோத்து எழுத வராது. நான் சுகம். உன் சுகத்தைக் கேட்காமல் இருக்க எனக்கு மனசில்லை, எழுது.

இங்கே மனிதர் வியாபாரத்தை நிறுத்திவிட்டார். கடைக்காரர் மீன் வாங்க வந்தால், "இது விக்கிறதுக்கு இல்ல" என்று திருப்பி அனுப்புகிறார். காலையில் எழுந்தால் தொட்டி, சாப்பிட்டால் தொட்டி. நேற்று, "இப்படியே பாத்துக்கிட்டிருந்தா அதுங்களுக்கே வெக்கமா இருக்கும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "அதுங்களுக்கு என்னடி வெக்கம்? நாலு நாள் சாகாம இருன்னு சொன்னா இருந்துச்சு. வெக்கப்பட வேண்டியது மீனில்ல" என்றார்.

நீ எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, மீனைப் புகழ்ந்து நீ எழுதிய இடங்களில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. ஆலைக்காரன் செய்ததற்கு அவர் ஒருநாளும் இப்படி உட்கார்ந்ததில்லை. அவனிடம் கத்துவார், மனு எழுதுவார், பசியோடு வந்து சாப்பிடுவார்.

நீ செய்தது சரியா தப்பா என்று நான் பேசவில்லை. பேசினால் இந்தக் காகிதம் போதாது. உள்ளதை உள்ளபடி எழுதிவிடு. அவர் மன்னிக்கமாட்டார், உனக்கே தெரியும். தெரிந்துகொண்டாலாவது சோறு இறங்கும்.

அண்ணி


ஆகஸ்ட் 21

அண்ணனுக்கு,

வணக்கம். என் சுகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நடந்ததை எழுதுகிறேன். ஆலையின் மருந்து சோதனைக்கு வந்தபோது வழக்கமான மீன்களைத்தான் விட்டோம். இரண்டாம் நாளே எல்லாம் செத்தன. எங்கள் நிர்வாகி மீன் பிரிவில் எல்லாரையும் கூப்பிட்டு, "இது சத்தில்லாத மீன், வேற திடமான மீன் யார்கிட்டயாவது கிடைக்குமா?" என்று கேட்டார். நான்தான் பிரிவுக்குத் தலைவி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எங்க அண்ணன்கிட்ட இருக்கு. அவர் மீன் சாகாது" என்று சொன்னேன். அந்த நிமிஷம் உங்களை நினைத்துப் பெருமையாகத்தான் சொன்னேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். பார்சல் வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பெருமை போய்விட்டது. தண்ணீரை மாற்றாதீர்கள் என்று நான் எழுதியதற்கு நீங்கள் கண்ட காரணம்தான் காரணம்.

நீங்கள் கேட்ட சில்லைப் பற்றி. அந்த மருந்துக்குத் தண்ணீரில் கரையும் தலை ஒன்று, எண்ணெயில் ஒட்டும் வால் ஒன்று. கிருமிகள் தலையைத் தின்றுவிடும். நுரை நிற்பது அதனால்தான். மிஞ்சும் வால் முழு மருந்தைவிடக் கொடியது. அது தண்ணீரில் நிற்பதில்லை. சேற்றில் ஒட்டிக்கொள்ளும், காற்றுப் புகாத அடிச்சேற்றில் வருஷக்கணக்கில் இருக்கும். மீனின் கொழுப்பில் போய்ச் சேரும். சேர்ந்த இடத்தில் பெண் மீனின் சுரப்பைப் போல நடிக்கும்.

இதற்கு மேல் உள்ளதைத்தான் எழுதக் கை வரவில்லை. சோதனை முடிந்த பிறகு உங்கள் ஆண் மீன்கள் சிலவற்றைக் கீறிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் பார்த்தேன். விந்துப்பைக்குள் முட்டை இருந்தது அண்ணா. பெட்டை அதிகம் என்று நீங்கள் பெருமையாக எழுதியது கைராசியால் இல்லை. வெளியில் பார்த்தால் தெரியாது. அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை. செத்ததா சாகவில்லையா, அதை மட்டும்தான் ஆலை கேட்டிருந்தது.

அது தெரிந்த பிறகுதான் உங்களுக்கு ஏப்ரல் மாதக் கடிதம் எழுதினேன்.

மீன் எங்கே, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று அறிக்கையில் இல்லை. வளர்த்தவர் எழுத்தில் கொடுத்தால் அறிக்கை நிற்காது. நானும் நிற்கமாட்டேன். உங்கள் இஷ்டம்.

தங்கை


செப்டம்பர் 10

தங்கைக்கு,

ஆட்சேப மனு எழுதிவிட்டேன். அதிகாரிக்கு நாளை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முதுகுக்குப் பின்னால் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை, அதனால் உனக்கு முதலில் நகல். அது இதுதான்.

"ஐயா, அறிக்கையில் உள்ள வரிமீன்களை வளர்த்தவன் நான். ஆலை வந்த வருஷம் அதன் கழிவில் என் மீன்கள் செத்தன. தப்பிய சிலவற்றின் வம்சம்தான் இவை. பிறந்தது முதல் அதே தண்ணீரில் வளர்ந்தவை. ஆகவே இவை சாகாததை வைத்து மற்ற உயிர் சாகாது என்று சொல்ல முடியாது. இவையும் நல்ல மீன்கள் அல்ல. ஆண் மீன்களின் வயிற்றில் முட்டை இருக்கிறது. அடிச்சேற்றைச் சோதிக்க வேண்டும். வேறு ஊர் மீனை வைத்து மறுபடி சோதிக்க வேண்டும், செத்ததா என்று மட்டும் பார்க்காமல் கீறியும் பார்க்க வேண்டும். இந்த மீன்களை என்னிடம் வாங்கியவர் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் என் தங்கை. தெரிந்தே வாங்கினார்."

அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "நல்ல மீன்கள் அல்ல" என்ற இடத்துக்கு வந்ததும் காகிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அவளே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசி வரியைக் கேட்டதும், "'தெரிந்தே'ங்கறதை மட்டும் எடுத்துடுங்க. வாங்கினான்னு இருந்தாலே உங்க மனு நிக்கும்ல" என்றாள்.

நிற்கும். எனக்கும் தெரியும். பேனாவை எடுத்து அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். நீ ஆலைக்கு வேலை செய்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். வயிற்றுப்பாடு, மேலே ஒருவன் இருக்கிறான், என்னவோ காரணம். ஆனால் மீனைக் கீறிப் பார்த்த கையாலேயே சீட்டு ஒட்டியதைச் சொல்லி, அண்ணன் மீன் எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு எழுதினாயே. ஆலைக்காரன் என் மீனைக் கொன்றான், ஆனால் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

அடிக்கவில்லை. சொல் இருக்கிறது.

அண்ணன்


நவம்பர் 3

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வணக்கம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அறிக்கை தள்ளப்பட்டுவிட்டது என்று உங்களுக்கும் தகவல் வந்திருக்கும். மறுசோதனை முடியும்வரை இரண்டாவது குழாய் கிடையாது. மறுசோதனை எங்களிடம் இல்லை, வேறு இடத்தில். சேற்றையும் எடுக்கப் போகிறார்கள்.

விசாரணையில் உங்கள் மனுவை என் முன்னால் படித்தார்கள். "கடைசி வரியில் உங்கள் அண்ணன் சொல்வதை மறுக்கிறீர்களா? கோபத்தில் எழுதியிருக்கலாம்" என்று நிர்வாகியே வழி எடுத்துக் கொடுத்தார். அவரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே. மறுக்கவில்லை. அந்தச் சொல் சரிதான் அண்ணா.

இப்போது கண்ணாடிச் சாமான் கழுவும் பிரிவில் உட்காரவைத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு ஒரு வகையில் நல்லது.

மிஞ்சிய உங்கள் மீன்களை இங்கே நல்ல தண்ணீரில் வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கை


டிசம்பர் 18

தங்கைக்கு,

இங்கே நாங்கள் சுகம்.

மீன்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவை போன இடத்திலேயே இருக்கட்டும். இரை போடு.

அதிகாரியிடமிருந்து தகவல் வந்தது. ஆலை இன்னும் ஓடுகிறது, பழைய குழாயில் பழையபடி தண்ணீர் வருகிறது. செத்தது எங்களால்தான் என்று அவர்கள் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மனுவுக்குக் காகிதம் வாங்கி வைத்திருக்கிறேன். போன வாரம் டைக்காரர் தெருவில் எதிரே வந்தார். "பெரியவரே, சொந்தத் தங்கச்சியையே விடலியே நீங்க" என்றார். "அவளையே விடல, உங்களை விடுவேனா?" என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

வாய்க்காலை அடைத்துவிட்டேன். தொட்டிகளில் இருந்த சேற்றை நானும் தோட்டக்காரரும் சேர்ந்து அள்ளினோம். கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறது. மூலைத் தொட்டியில் முதல் ஈட்டுக் குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. முன்பு போலப் பெருங்கூட்டம் இல்லை, கொஞ்சம்தான். அதில் ஆண் எது, பெட்டை எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியில் பார்த்தால் தெரியாது என்று நீதான் எழுதினாய். கீறிப் பார்க்க எனக்குக் கை வராது. உன்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லவும் மாட்டேன்.

அண்ணி தன் பங்குக்கு உன் முழங்காலைப் பற்றி எழுதச் சொன்னாள். அவள் கேட்டதாக வைத்துக்கொள்.

கடிதத்தின் தொடக்கத்தில், அங்கே எப்படி என்று கேட்கும் வரியை எழுதாமல் விட்டிருக்கிறேன். மறந்து அல்ல. தெரிந்தே.

அண்ணன்